பழைய காரின் தகரத்தில் தொழிற்சாலை எழுதிவைத்தவை

வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ ஒரு பழைய மொறிஸ் மைனர் விலைக்கு வருகிறது என்றால், பார்க்கப் போனவர் பொனற்றைத் திறந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "நம்பர் எல்லாம் ஒறிஜினல்தானே?" என்பதுதான். விற்பவரும் தயங்காமல், "கொம்பனி நம்பர் அண்ணை, ஒருவரும் கைவைக்கவில்லை" என்பார். எந்த நம்பர் என்று இருவரும் சொல்லிக்கொள்வதில்லை. கேட்டுப் பார்த்தால், ஒருவர் இலக்கத் தகட்டைச் சொல்லியிருப்பார், மற்றவர் எஞ்சினில் இருப்பதைச் சொல்லியிருப்பார்.

ஒரு பழைய காரில் பல வகையான இலக்கங்களும் குறிகளும் உண்டு. ஒவ்வொன்றையும் எழுதியவர் வேறு, எழுதிய காரணம் வேறு. எல்லாவற்றையும் 'ஒறிஜினல் நம்பர்' என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவதால் நல்ல வண்டி 'கள்ள வண்டி' என்று பெயர் வாங்குகிறது. ஒட்டுப்போட்ட வண்டி பெருவிலைக்குப் போகிறது. இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. டிங்கர் வேலைக்குப் போன வண்டியில் தொழிற்சாலைக் கையெழுத்தே அழுக்கென்று தேய்த்து எறியப்படுகிறது. அது போனால் போனதுதான்.

மூட்டையைப் பாருங்கள்

வன்னியில் அரிசி மூட்டை பார்க்காதவர் இல்லை. சாக்கின் மேல் ஆலையின் பெயர் அச்சடிக்கப்பட்டிருக்கும். அது வாங்குபவருக்கு. நிறுத்தவர் சோக்கட்டியால் ஓர் எண்ணைக் கிறுக்கியிருப்பார். அது களஞ்சியக்காரருக்கு. லொறியில் ஏற்றியவர் மூலையில் ஒரு கோடு போட்டிருப்பார். அது தன்னோடு நிற்கும் கூட்டாளிக்கு, 'இது எண்ணியாயிற்று' என்று சொல்ல. மூன்றும் உண்மையான குறிகள்தான். ஆனால் லொறிக்காரரின் கோட்டைக் காட்டி இது எந்த ஆலையின் அரிசி என்று யாரும் நிரூபிக்க முடியாது.

காரிலும் இதே கதைதான். அரசுக்காகவும் வாங்குபவருக்காகவும் இடப்பட்ட குறிகள் உண்டு. உதிரிப்பாகம் செய்த பட்டறை தன் கணக்குக்காக இட்ட குறிகள் உண்டு. அடுத்த வரிசையில் நின்ற தொழிலாளிக்காகக் கிறுக்கப்பட்டவையும் உண்டு. கடைசி வகையைத் தொழிற்சாலை வாசலுக்கு வெளியே எவரும் பார்ப்பார்கள் என்று எழுதியவர் நினைத்திருக்க மாட்டார்.

இலக்கத் தகடு இந்த மூன்றிலும் சேராது. அது தொழிற்சாலையின் குறியே அல்ல, நாட்டின் குறி. 1950களின் பிற்பகுதியில் இந்தத் தகட்டில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து ஏறியபோது தமிழர் பகுதிகளில் தார்ச் சட்டியோடு போராட்டம் நடந்தது. 1958 ஐ நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். அந்தத் தகட்டுக்கு அரசியல் வரலாறு நிறையவே உண்டு. கார் எங்கே, எப்போது, எந்த நிறத்தில் பிறந்தது என்பதை மட்டும் அதனிடம் கேட்கக் கூடாது. 'ஐம்பத்தெட்டு மொடல்' என்று நாம் சொல்வது பெரும்பாலும் பதிவு செய்த ஆண்டைத்தான். கப்பல் ஏறி, துறைமுகத்தில் இறங்கி, காட்சியறையில் நின்று பதிவாவதற்குள் ஆண்டு மாறிவிட இடமுண்டு.

விரலால் தடவிப் பார்க்கும் பாடம்

குறிகளைப் பிரித்தறியக் கண்ணைவிட விரல் நல்லது.

எழுத்து எழும்பி நின்றால் அது வார்ப்புக் குறி. உருகிய இரும்பை மணல் அச்சில் ஊற்றிப் பாகத்தைச் செய்வது வார்ப்பு. அச்சிலேயே எழுத்து இருப்பதால் பாகத்தோடு சேர்ந்தே அது பிறக்கிறது. இங்கே பலர் தடுமாறுகிறார்கள். எஞ்சின் கட்டியின் (எஞ்சின் புளொக்கின்) பக்கத்தில் பெரிதாக எழும்பி நிற்கும் எண்ணைப் பார்த்து, 'இதோ எஞ்சின் நம்பர்' என்று எழுதிக்கொண்டு போய்விடுகிறார்கள். அது அந்த வடிவத்தின் எண். அதே அச்சில் வார்த்த ஆயிரக்கணக்கான கட்டிகளிலும் அதே எண்தான் இருக்கும்.

எழுத்து குழிந்திருந்தால் அது குத்திய குறி. கடினமான உருக்கு அச்சை வைத்துச் சுத்தியலாலோ இயந்திரத்தாலோ அடித்து இடுவது. ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனி எண் கொடுக்க இதுதான் வழி. அடி விழும்போது மேல்பரப்பு மட்டும் பள்ளமாவதில்லை. பள்ளத்துக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத ஆழம் வரை உலோகத்தின் மணிகள் நசுங்கிப்போகின்றன. இதை மனதில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

விரலுக்கு எதுவும் தட்டுப்படாமல் கண்ணுக்கு மட்டும் தெரிந்தால் அது எழுதிய குறி: சோக்கட்டி, மெழுகுக் கிரையோன், ஒரு சொட்டு பெயின்ற், மையில் நனைத்த இறப்பர் முத்திரை. பரிசோதித்தவர் இட்ட சரி அடையாளம், எந்த நிற வண்டிக்கு எந்த நிற சீற் என்ற குறிப்பு, இறுக்கிய நட்டின் மேல் ஒரு கோடு எல்லாம் இந்த வகை.

ஆக, எழும்பியது பாகத்தின் வடிவத்தைச் சொல்லும், குழிந்தது பெரும்பாலும் குறிப்பிட்ட வண்டியையோ தேதியையோ சொல்லும், எழுதியது வேலை நடந்த விதத்தைச் சொல்லும்.

செசி இல்லாத வண்டியின் செசி நம்பர்

வண்டியின் அடியில் ஏணிபோல் நீளும் இரும்புச் சட்டம்தான் செசி. வடபகுதியில் பேர்பெற்ற ஒஸ்ரின் ஏ-40 டெவன், சோமசெட் கார்களில் அது தனியாக உண்டு. உடலைக் கழற்றித் தூக்கினாலும் சட்டம் நிற்கும். 1948 இல் வெளிவந்த மொறிஸ் மைனரில் அப்படி இல்லை. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த அந்தக் காரில் தகர உடலே பாரம் தாங்கும் சட்டமாகவும் இருக்கிறது. ஆனாலும் அதன் அடையாள எண்ணைச் செசி நம்பர் என்றே உலகம் முழுவதும் சொல்கிறார்கள். நாமும் சொல்லலாம், தவறில்லை. ஆனால் பொனற்றுக்குள், எஞ்சினுக்கும் ஆசனப் பகுதிக்கும் நடுவிலுள்ள தகரச் சுவரில் அந்த எண்ணைத் தாங்கி நிற்பது ஆணியடித்த சிறு தகடு என்பதை மறக்கக் கூடாது. ஆணியடித்ததைக் கழற்றலாம். ஆகவே தகட்டைப் படிக்கும்போது ஆணியின் தலையையும் பாருங்கள். மற்ற இடமெல்லாம் கறள் பிடித்திருக்க ஆணி மட்டும் பளபளத்தால் கேள்வி கேட்கலாம்.

1952 முதல் 1958 வரையான மைனர்களின் தகட்டில் எண்ணுக்கு முன்னால் மூன்று எழுத்தும் இரண்டு இலக்கமும் வரும். 'எஃப் பி ஈ 21' என்று இருந்தால்: எஃப் என்றால் மைனர், பி என்றால் இரண்டு கதவு சலூன், ஈ என்றால் பச்சை நிறம். 2 என்றால் வலப்பக்க ஸ்ரேரிங்கோடு ஏற்றுமதிக்குச் செய்தது. கடைசி 1 பெயின்றின் வகை. முதல் இலக்கம் 5 ஆக இருந்தால் வலப்பக்க ஸ்ரேரிங் வண்டியைப் பிரித்த பாகங்களாகப் பெட்டியில் அனுப்பி, போய்ச் சேரும் நாட்டில் பூட்டுவதற்கென்று ஒதுக்கியது என்று பொருள். ஐந்தே எழுத்தில் இவ்வளவு சொல்கிறது. இதைப் படிக்காமல் 'என்ன நிறம் அடிக்கலாம்' என்று பெயின்ற் கடையில் நிற்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுமை போய்விடும்.

1958 க்குப் பிறகு முறை மாறியது. 'எம் ஏ 2 எஸ் 3' என்றால் மொறிஸ், ஏ வகை எஞ்சின், இரண்டு கதவு சலூன், மூன்றாம் தொடர். இதில் நிறம் இல்லை. அந்த வண்டிகளின் நிறத்தை வேறு இடத்தில்தான் தேட வேண்டும்.

இன்றைய கார்களில் 17 எழுத்தும் எண்ணும் கொண்ட அடையாளக் கோவை இருக்கிறது. அமெரிக்காவில் அது 1981 மொடல் ஆண்டிலிருந்து கட்டாயம். அதற்கு முந்தைய வண்டிகளில் ஒவ்வொரு கொம்பனியும் தன் விருப்பப்படி எண் இட்டது. ஆகவே ஐம்பதுகளின் காரில் எண் குட்டையாக இருப்பதைப் பார்த்து யாரும் பதற வேண்டாம்.

'நம்பர் பொருத்தம்' என்ற மயக்கம்

எஞ்சின் நம்பரும் செசி நம்பரும் ஒத்துப்போக வேண்டும் என்று ஒரு நம்பிக்கை ஊரில் உலவுகிறது. இது அமெரிக்கக் கார்களிலிருந்து வந்த பேச்சு. செவ்ரோலெட் போன்ற சில வண்டிகளில் கார் இலக்கத்தின் ஒரு பகுதியை எஞ்சின் கட்டியிலேயே குத்திவிடுவார்கள். அங்கே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பொருத்தம் தெரிந்துவிடும். மைனரில் அப்படி இல்லை. எஞ்சினுக்கு ஒரு வரிசை, காருக்கு இன்னொரு வரிசை. மொறிஸின் கவுலித் தொழிற்சாலையில் பிறந்த நாளிலிருந்து கைபடாத வண்டியிலும் இரண்டு எண்ணும் ஒன்றாக இராது. எந்த எஞ்சின் எந்தக் காரில் ஏறியது என்பது தொழிற்சாலைப் பதிவேட்டில்தான் இருக்கும்.

நமது பதிவுச் சான்றிதழில் இரண்டு எண்ணும் இருக்கின்றன. சான்றிதழோடு பொருந்துவது சட்டத்துக்குத் தேவை. ஆனால் அது தொழிற்சாலையோடு பொருந்துவதற்குச் சான்று அல்ல. எஞ்சினை மாற்றி முறைப்படி திருத்திய வண்டியிலும் சான்றிதழ் அழகாகப் பொருந்தும்.

எஞ்சின் எண்ணின் முன்னெழுத்து இதைவிடச் சுவையானது. '9 எம் யு எச்' என்று தொடங்கினால்: 9 என்பது தொள்ளாயிரத்துச் சொச்சம் கன சென்ரிமீற்றர், அதாவது 1956 இல் வந்த 948 எஞ்சின். எம் மைனருக்கு. யு என்றால் தரையில் நடுவே நிற்கும் கியர்க் கம்பி. எச் என்றால் உயர் அழுத்தம். எம் இருக்க வேண்டிய இடத்தில் ஏ இருந்தால் அந்த எஞ்சின் ஒரு சிறிய ஒஸ்ரினிலிருந்து வந்திருக்கிறது. 1952 இல் மொறிஸும் ஒஸ்ரினும் ஒரே நிறுவனத்தின் கீழ் வந்த பிறகு இந்த ஏ வகை எஞ்சின் பல கார்களில் ஏறியது. ஒன்றைக் கழற்றி மற்றதில் பூட்டுவது எளிது. இறக்குமதி முடங்கிய காலங்களில் வண்டிகள் உயிர் பிழைத்ததே அப்படித்தான். அதைக் குற்றம் போலப் பேசுவது நியாயமில்லை.

கடைசி எழுத்து எச் ஆக இல்லாமல் எல் ஆக இருந்தால் தாழ் அழுத்த எஞ்சின். சிலிண்டருக்குள் காற்றும் எரிபொருளும் எத்தனை மடங்கு சுருக்கப்படுகின்றன என்பதே அழுத்த விகிதம். 948 எஞ்சினில் உயர் வகைக்கு 8.3 மடங்கு, தாழ் வகைக்கு 7.2 மடங்கு. தரம் குறைந்த பெற்றோல் விற்கும் நாடுகளை நினைத்துச் செய்தது இந்தத் தாழ் வகை. பொருளாதாரத் தடைக் காலத்தில் இந்தக் கார்கள் வன்னியில் மண்ணெண்ணெயில் ஓடியதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. கொஞ்சம் பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு எஞ்சினைச் சூடாக்கி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதிகம் சுருக்கினால் மண்ணெண்ணெய் நேரத்துக்கு முன்பே வெடித்து எஞ்சினில் தட்டும் சத்தம் எழும். எல் எழுத்துக்காரருக்கு அந்தத் தொல்லை குறைவு. லண்டனில் மதிப்புக் குறைந்த எழுத்து இங்கே வரமாக இருந்திருக்கிறது. பிஸ்ரன் மாற்றியிருந்தால் எழுத்து பழையபடியே நிற்க விகிதம் மாறியிருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குறி பிறப்பைச் சொல்கிறது, இன்றைய நிலையை அல்ல.

எஞ்சின் எண்ணும் மைனரில் கட்டியின் பக்கத்தில், டைனமோவுக்கு மேலே பதித்த சிறு தகட்டில்தான் இருக்கிறது. தகடு பற்றி முன்பு சொன்ன எச்சரிக்கை இதற்கும் பொருந்தும்.

தேதி ஒளிந்திருக்கும் இடங்கள்

கார் கொம்பனி எல்லாப் பாகத்தையும் தானே செய்வதில்லை. மின்சாரப் பாகங்கள் லூக்காஸிடமிருந்து வந்தன. லூக்காஸ் டைனமோ, ஸ்ராட்டர், டிஸ்ரிபியூட்டர் ஆகியவற்றின் உடலில் மாதமும் ஆண்டும் சிறிதாகக் குத்தியிருக்கும். '6 59' என்றால் 1959 ஜூன். கிறீஸைத் துடைத்துவிட்டு டோர்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும்.

பாகத்தின் தேதி கார் பிறந்ததற்குச் சில மாதம் முந்தியதாக இருந்தால் இயல்பு. பிந்தியதாக இருந்தால் மாற்றிய பாகம். பல ஆண்டு முந்தியதாக இருந்தாலும் வேறு வண்டியிலிருந்து வந்ததுதான். ஒரு பாகத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். நான்கைந்து பாகங்கள் ஒரே காலத்தைச் சுட்டினால் அந்தக் காலத்தை நம்பலாம். சில்லின் இரும்பு வளையத்திலும் தேதி உண்டு. ட்ரிப்ளெக்ஸ் கண்ணாடியின் மூலை முத்திரையில் எழுத்துகளுக்கு மேலும் கீழும் உள்ள சிறு புள்ளிகளும் காலத்தைச் சொல்பவைதான், ஆனால் அவை எந்தப் பத்தாண்டு என்று சொல்லமாட்டா.

கதவுப் பலகையின் பின்னால்

இனி நான் மிகவும் விரும்பும் பகுதி. பரந்தன் பக்கம் ஒரு கராஜில் மைனர் ஒன்றின் கதவு உள்பலகைகளைக் கழற்றும்போது பக்கத்தில் நின்றேன். இடப்பக்கப் பலகையின் பின்புறத்தில், மங்கிய மண்ணிறத்தின் மேல், நீலக் கிரையோனால் சாய்வாக ஓர் எண். அதன் கீழே அவசரமாகப் போட்ட ஒரு சரி அடையாளம். எண்ணின் கடைசிச் சுழி பலகையின் விளிம்பைத் தாண்டி ஓடி நின்றிருந்தது. எழுதியவர் பலகையை இன்னொன்றின் மேல் வைத்து எழுதியிருக்கிறார், சுழியின் மிச்சம் அந்த இன்னொரு பலகையில் போயிருக்கும். வலப்பக்கப் பலகையில் அது இருந்ததா என்று பார்க்க வழியில்லை. அதைக் கறையான் தின்று முடித்திருந்தது.

பலகைக்குப் பின்னிருந்த தகரமும் பேசியது. வெளியே கதவு வெள்ளையாக இருந்தது. உள்ளே எந்த ஸ்பிரேக்காரரின் குழாயும் எட்டாத மடிப்பில் மெல்லிய இளம்பச்சை. நிறம் தெரிய வேண்டுமென்றால் இப்படிப்பட்ட இடங்களைத்தான் பார்க்க வேண்டும்: டாஷ்போர்டின் அடி, பின்சீற்றின் கீழ், டிக்கியின் உள்மடிப்பு. வெளிப்புறத்தில் பார்க்க வேண்டுமானால், தண்ணீர் விட்டுத் தேய்க்கும் மென்மையான அரத்தாளால் ஒரு நாணய அளவு இடத்தைச் சுழற்றித் தேய்த்தால் ஒவ்வொரு பூச்சும் ஒரு வளையமாகத் தெரியும். அடியில் இருப்பது தொழிற்சாலைப் பூச்சு என்று முடிவு கட்ட அவசரப்படாதீர்கள். அந்த மட்காட்டே பின்னாளில் வாங்கிப் பூட்டியதாக இருந்தால், அடியில் இருப்பது உதிரிப்பாகத்தின் முதற்பூச்சு மட்டும்தான்.

எழுதிய குறிகள் பிழைத்ததற்குக் காரணம் மர்மமானதல்ல. வெயில், மழை, கை மூன்றும் படாத இடத்தில் இருந்தன. கிரையோன் மெழுகு, தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது. தின்னர் பட்டால் நொடியில் கரைந்துவிடும். கராஜில் எதையும் துடைக்க முதலில் கைக்கு வருவதும் அந்தத் தின்னர்தான்.

நெருப்பும் உப்பும் விட்டுவைத்தவை

2009 க்குப் பிறகு முள்ளிவாய்க்கால் பக்கம் எரிந்த வாகனங்கள் குவிந்து கிடந்ததைப் பார்த்தவர்கள் பலர். அப்படி எரிந்த வண்டியில் எது மிஞ்சும் என்பதை உலோகங்களின் உருகுநிலை தீர்மானிக்கிறது. துத்தநாகக் கலவைப் பாகங்கள் 400 பாகை செல்சியஸ் அளவிலேயே உருகும். அலுமினியம் 660 பாகையில். அலுமினியத் தகட்டில் இருந்த எண் அதோடு போயிற்று. வார்ப்பிரும்பு உருக 1100 பாகைக்கு மேல் வேண்டும், உருக்குக்கு இன்னும் அதிகம். ஆகவே வார்ப்புக் குறிகளும் உருக்குத் தகரத்தில் நேரடியாகக் குத்திய எண்களும் தீயைத் தாங்கிவிடும். எழுதிய குறி எதுவும் மிஞ்சாது.

கறள் வேறு மாதிரி. முல்லைத்தீவுக் கரையின் உப்புக்காற்று தகரத்தை அரிக்கும்போது குழிந்த எழுத்தின் விளிம்புகள்தான் முதலில் மழுங்குகின்றன. இங்கே முன்பு சொன்ன நசுங்கிய மணிகள் உதவிக்கு வருகின்றன. பள்ளம் மேற்பரப்பில் மறைந்துபோனாலும் அடியில் நசுங்கிய பகுதி மற்ற உலோகத்தைவிட வேகமாக அமிலத்தோடு வினைபுரியும். பரப்பை மெருகிட்டுத் தகுந்த அமிலக் கரைசலைப் பூசினால் எழுத்து நிழலாகத் தோன்றும். அராவி அழித்த திருட்டு வாகன எண்களைத் தடயவியல் ஆய்வாளர்கள் மீட்பது இந்த வழியில்தான். வீட்டில் செய்கிற வேலை அல்ல இது. கை வெந்துபோவது ஒருபுறம், ஒருமுறை தவறினால் நிழலும் கரைந்துபோகும். அடையாள எண்ணில் கைவைத்ததாகச் சட்டச் சிக்கலும் வரும்.

கிரைண்டரை எடுக்கும் முன்

முதல் வேலை படம் எடுப்பது. கழற்றிய ஒவ்வொரு பாகத்தின் பின்புறத்தையும், பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்து, வெளிச்சத்தை ஓரமாகச் சாய்த்து எடுங்கள். நேர் வெளிச்சத்தில் குழிந்த எழுத்து தெரியாது. துடைப்பதானால் ஈரத் துணி, அதற்கு மேல் கொஞ்சம் சவர்க்கார நீர். கறளுக்கு எண்ணெய் ஊறவிட்டு மரச் சிராயால் சுரண்டலாம்; எண் இருக்கக்கூடிய இடத்தில் கம்பித் தூரிகை வேண்டாம். குத்திய எழுத்தின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் தெளிவான படி கிடைக்கும்.

டிங்கர் வேலை செய்பவரிடம் வண்டியைக் கொடுக்கும்போது எந்த இடத்தைத் தொடக் கூடாது என்று காகித நாடாவால் ஒட்டிக் காட்டுங்கள். வாயால் சொன்னது மத்தியானச் சாப்பாட்டோடு மறந்துவிடும். பின்சீற்றின் கீழே கிரையோன் எழுத்து இருந்தால் அந்த உள்ளங்கை அளவு இடத்தைப் பெயின்ற் அடிக்காமல் விடுவதே நல்லது. சீற்றைப் போட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

சிலர் வண்டியைப் புதிதாக்கிய பிறகு பழைய சோக்குக் குறிகளைத் தாங்களே மறுபடி வரைகிறார்கள். வெளிநாட்டுப் போட்டிகளில் அதற்குப் புள்ளியும் உண்டு. படம் எடுத்து வைத்து, அதே இடத்தில் அதே அளவில் வரைந்து, 'இது நான் வரைந்தது' என்று சொன்னால் எனக்குக் குறையில்லை. எங்கோ ஒரு காரில் பார்த்ததைத் தன் காரில் கிறுக்கிவிட்டு விலையை ஏற்றுவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

கைக்கு வந்த எண்களைச் சரிபார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. இங்கிலாந்தின் கெய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம் பல பிரிட்டிஷ் கார்களின் உற்பத்திப் பதிவேடுகளைப் பாதுகாத்து வருகிறது. செசி நம்பரைக் கொடுத்துக் கட்டணம் செலுத்தினால், பதிவேடு இருக்கும் வண்டிகளுக்குப் பிறந்த தேதி, நிறம், அனுப்பிய இடம், எஞ்சின் எண் போன்ற விவரங்களோடு சான்றிதழ் தருகிறார்கள். இடப்பெயர்வில் வாகனப் புத்தகத்தைத் தொலைத்தவர்கள் இதை வைத்து உரிமை கோர முடியாது. அதற்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் வாசலுக்குத்தான் போக வேண்டும்.